மூன்று இருமல்

கண்ணாயிரம் இருமியது மூன்றே மூன்று முறை. அதற்குள் ஒரு கல்யாணம் நின்றுவிட்டது.

ஒடுகத்தூரில் அவருடைய உரக்கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இரண்டு பேர் இறங்கி வந்தபோது, அவர் வாய்க்குள் ஒரு மிளகாய் பஜ்ஜி பாதி தூரம் போயிருந்தது.

"சந்தவாசல்லேர்ந்து வர்றோம்ங்க. உங்க பக்கத்து வூட்டு சந்தியாகப்பன் பையன் ஜோபினுக்கு எங்க பொண்ணு ஜெஸ்ஸியக் குடுக்கலாம்னு ஒரு பேச்சு. பையன் எப்படிங்க?"

"ஜோபினா..." என்று ஆரம்பித்தார் கண்ணாயிரம். மிளகாய் விதை தொண்டையில் ஏறியது. இருமினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. குடிக்கத் தண்ணி வேண்டுமென்று இரண்டு கையையும் விரித்தார்.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புரிஞ்சிதுங்க. பக்கத்து வூட்டுக்காரரு, வாயால சொல்ல முடியாது. ரொம்ப நன்றிங்க."

மூத்தவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். கண்ணாயிரம் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துத் தலை நிமிர்ந்தபோது கார் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருந்தது.

சாயங்காலம் சந்தியாகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாய்யா சொல்லித் தொலைச்ச? 'விசாரிச்சோம், வேணாம்'னு பொண்ணோட அப்பா இளவரசன் போன் பண்ணிட்டாரு. ஹெட்மாஸ்டர்யா அவரு!"

"நான் ஒண்ணுமே சொல்லல சந்தியாகு. இருமினேன்."

"அத்தான்யா கேக்கறேன். எதுக்கு இருமின?"

இருமலின் கனம் கண்ணாயிரத்துக்குத் தெரியும். தன் மகள் மஞ்சுளாவுக்கு வந்த மூன்று வரன்களை அவரும் இப்படி விசாரித்துத்தான் தள்ளியிருந்தார். குடியாத்தம் பையனைப் பற்றிக் கேட்டபோது டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். ஆம்பூர் பையனைப் பற்றி ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை, அதெப்படி? மூன்றாவது வரனை ஏன் தள்ளினார் என்பது அவருக்கே மறந்துபோயிற்று.

வேலூரில் ஒரு லேபில் வேலை பார்க்கும் மஞ்சுளா, பஸ் இறங்கி வந்ததும் விஷயத்தைக் கேட்டாள்.

"வேணாம்னா போவட்டும், வுடுப்பா. நீ சரி பண்றேன்னு எங்கியும் கெளம்பாத."

"ஒரு புள்ளையோட வாழ்க்கைம்மா!"

"அதுக்குத்தான் சொல்றேன்."

ஜோபினும் வந்து சொன்னான். காவலூர் மலையில் பெரிய தொலைநோக்கி இருக்கிற இடத்தில் டெக்னீசியன் அவன். அதிர்ந்து பேசாத பையன்.

"எனக்கு வருத்தமே இல்ல அங்கிள். விட்டுடுங்க."

அந்தப் பெருந்தன்மைதான் கண்ணாயிரத்தை இன்னும் குத்தியது. மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக இளவரசனுக்கு போன் போட்டார்.

"சார், பையன் தங்கம் சார். பாதி நாளு ராத்திரில வூட்லயே இருக்க மாட்டான்."

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டது: "வேற எங்க இருப்பாரு?"

"மலை மேல சார். விடிய விடிய முழிச்சிக்கினு நட்சத்திரம் பாப்பான். காலைல வந்து படுத்தான்னா சாயங்காலம்தான் எழுந்திருப்பான். அவ்ளோ உழைப்பு!"

அந்த நேரம் பார்த்து வாசலில் உர லாரி ஹாரன் அடித்தது. நட்சத்திரம் என்ற ஒரு வார்த்தை மட்டும் அதில் கேட்காமல் போயிற்று. பெண் வீட்டாருக்குத் தெரிந்ததெல்லாம் பையனுக்கு சென்ட்ரல் கவர்மென்ட் வேலை என்பதுதான். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் சந்தியாகப்பன் ஓடிவந்தார்.

"யோவ், எம்புள்ளைக்கு மலை மேல இன்னொரு குடும்பம் இருக்குதாமே!"

பேசினால்தானே திரிக்கிறார்கள் என்று கண்ணாயிரம் எழுத்தில் இறங்கினார். 'ஜோபின் நல்லொழுக்கம் உள்ளவர் என்று இத்தெரு மக்களாகிய நாங்கள் உறுதி கூறுகிறோம்' என்று எழுதி, வீடு வீடாகப் போய் நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கினார். ஒருத்தரும் படித்துப் பார்க்கவில்லை. சாந்தம்மாள் என்பவர் மட்டும் கையெழுத்துக்குக் கீழே 'தெருவிளக்கு எரியவில்லை' என்று சேர்த்திருந்தார். அதை அப்படியே போட்டோ எடுத்து இளவரசனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. 'நாற்பத்திரண்டு பேர் ஜாமீன் நிற்கும் அளவுக்குப் பையன் மேல் என்ன கேஸ்?'

அன்றைக்கு மஞ்சுளா சாப்பிடவில்லை.

"அப்பா, உன் கால்ல வேணா வுழறேன். இத்தோட நிறுத்திக்க."

அவள் கண் சிவந்திருந்தது. அடுத்த வீட்டு மானத்துக்காக இப்படிக் கலங்குகிறாளே, நல்ல வளர்ப்பு என்று கண்ணாயிரத்துக்குப் பெருமையாக இருந்தது. இனி நேரில் போவதுதான் வழி என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மனைவி திரௌபதி மட்டும் "நல்ல காரியம், போய்ட்டு வாங்க" என்று புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். இரண்டு பஸ் மாறி சந்தவாசல் போய்ச் சேர்ந்தபோது, இளவரசன் குடும்பம் சர்ச்சிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தது.

கண்ணாயிரம் மிளகாய் விதையிலிருந்து ஆரம்பித்தார். செல்போனில் தொலைநோக்கிக் கட்டடத்தின் வெள்ளைக் குவிமாடத்தைக் காட்டினார். ராத்திரி வேலை எதற்கு என்று விளக்கினார். தெருவிளக்கு விவகாரத்தையும் விடவில்லை. இளவரசன் சிரித்துவிட்டார். ஆனால் உடனே முகம் சுருங்கியது.

"எல்லாம் சரிங்க. இன்னொண்ணும் உறுத்துது. அவங்க ஆர்.சி., நாங்க சி.எஸ்.ஐ., வேற வேற சபை. சொந்தக்காரங்க இன்னா சொல்லுவாங்களோ..."

கண்ணாயிரம் எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், நீங்க ஊருப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்றவரு. இந்தக் காலத்துல போயி இதெல்லாம் பாக்கலாமா? ஒரே சாமியக் கும்புடறீங்க, அதுல இன்னா சார் ரெண்டு? புள்ளைங்க மனசுதான் சார் முக்கியம். நாங்க இந்து. ஜோபின் மாதிரி ஒரு பையன் கெடைச்சா நான் சாதி பாக்க மாட்டேன், மதம் பாக்க மாட்டேன், எம்பொண்ணயே குடுப்பேன் சார்!"

சொன்ன வேகத்தில் அவருக்கே மூச்சு வாங்கியது. நல்லவேளை, இருமல் வரவில்லை. இளவரசனின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இளவரசன் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள மாதிரி மனுசங்கள இப்பல்லாம் எங்கங்க பாக்க முடியுது? அடுத்த ஞாயித்துக்கிழமையே நிச்சயம் வெச்சிக்கலாம். நீங்கதான் முன்ன நிக்கணும்."

அங்கிருந்தே சந்தியாகப்பனுக்கு போன் போனது. போனில் சந்தியாகப்பன் அழுதார். முப்பது வருசத்தில் முதல் தடவையாகக் கண்ணாயிரத்தை 'அண்ணே' என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. காற்று முகத்தில் அடிக்க, ஒரு குடும்பத்துக்கு விளக்கேற்றி வைத்த நிம்மதியில் கண்ணாயிரம் வழியெல்லாம் தூங்கினார்.

பொழுது சாயும் நேரம் ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். பைக்கோடு ஜோபின் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா சொன்னாரா? எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்டா! அந்த ஹெட்மாஸ்டரயே மடக்கிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நிச்சயம். இனிமே யாராலயும் மாத்த முடியாது!"

ஜோபின் பைக்கைக் கிளப்பவில்லை. அவர் கையிலிருந்த பையைப் பணிவாக வாங்கிக்கொண்டான்.

"எனக்கும் மஞ்சுளாவுக்கும் போன மாசமே வேலூர்ல ரிஜிஸ்டர் கல்யாணம் ஆயிடுச்சு, மாமா."