ஆறு வீட்டுத் துணி

சலவை இயந்திரத்தின் மூடியில் ஒட்டியிருந்த சீட்டை ஸ்டூரே மூன்றாம் முறையாகப் படித்தார்.

"நேற்று ஆறு முதல் ஒன்பது வரை பலகையில் உங்கள் பூட்டு. ஆனால் இயந்திரம் ஓடவில்லை. அன்புடன், அக்கம்பக்கத்தார்." கீழே ஒரு சிரிக்கும் முகம்.

வெஸ்டெரோஸ் நகரத்து அடுக்குவீடுகளில் யாரும் நேருக்கு நேர் திட்ட மாட்டார்கள். சீட்டுதான் எழுதுவார்கள். சிரிக்கும் முகம் போட்டிருந்தால் நிஜமாகவே கொதிக்கிறார்கள் என்று பொருள்.

ஸ்டூரே இருபத்தாறு வருடம் மை பூசிக்கொண்ட அச்சகம் மே மாதத்தோடு மூடப்படுகிறது. ஐம்பத்திரண்டு வயதில் முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்திருந்தார். இரண்டு மாதத்தில் தேர்வு. தேறினால் வேலை. தவறினால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனால் வீட்டில் உட்காரத்தான் இடமில்லையே! ஒரு அறையில் மகள் டிரம்போன் பழகுகிறாள். இன்னொன்றில் மனைவி இங்கேலா, தொலைபேசியில் ஊர்க்காரர்களின் புகாரையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். நூலகத்தில் வாய்விட்டுப் படிக்க முடியாது. ஸ்டூரேவுக்கோ வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும்.

மிச்சமிருந்தது அடித்தளத்துச் சலவை அறை. வீட்டுக்கு ஒரு பூட்டு. நாளும் நேரமும் பார்த்து முன்பதிவுப் பலகையில் அதை மாட்டிவிட்டால், மூன்று மணி நேரம் அந்த அறை உங்கள் ராஜ்ஜியம். காற்றுக்குழாய் வழியே சோப்பு வாசனை மேல் மாடிச் சமையலறை வரை போகுமே தவிர, ஒரு ஆள் எட்டிப் பார்க்க மாட்டார்.

ஆனால் இயந்திரம் ஓடியாக வேண்டும். ஸ்டூரே வீட்டிலிருந்த சுத்தமான துணிகளை அள்ளிப் போட்டு ஓடவிட்டார்.

"ஸ்டூரே, இந்தத் திரைச்சீலையை முந்தாநாள்தானே துவைச்சே?" என்றாள் இங்கேலா.

"தூசி."

"என் கம்பளிச் சட்டை இப்ப பூனைக்குத்தான் சேரும். அதுவும் தூசியா?"

"படிக்கணுமே, இங்கேலா."

"படி. ஆனா என் துணியைக் கொல்லாதே. வேற யார் துணியையாவது கொல்லு!"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாடிப்படியில் முதல் தளத்து பொர்யேயை மடக்கினார்.

"பொர்யே, உன் செவ்வாய்க்கிழமை நேரத்தை எனக்குக் குடு. உன் துணியை நான் துவைச்சுத் தரேன்."

பொர்யே அவரை ஒரு கணம் பார்த்தார். "சரி. சும்மா சுத்தவிட்டுக் குடு, போதும்."

"காயவெச்சே தரேன்."

"அய்யய்யோ, வேண்டாம்ப்பா."

"மடிச்சே தரேன்! காலுறையெல்லாம் ஜோடி சேர்த்து!"

எதிராளி விலையைக் குறைக்க, தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்ட ஒரே வியாபாரி ஸ்டூரேவாகத்தான் இருப்பார். சந்தையில் வளர்ந்தவர்கள், இவ்வளவு சுலபமாகப் பேரம் படிந்தால், முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஸ்டூரே அச்சகத்தில் வளர்ந்தவர்.

மறுநாள் மூன்றாம் தளத்து யூர்டிஸ் கூடையோடு வந்து நின்றாள். எழுபத்தாறு வயது. கட்டடத்துச் சீட்டுகளில் பாதி அவள் கையெழுத்து.

"பொர்யே துணியைத் துவைக்கிறியாமே. என் துணி என்ன பாவம் பண்ணுச்சு?"

வாரக் கடைசிக்குள் கட்டடத்தின் மற்ற ஆறு வீட்டுப் பூட்டுகளும் ஸ்டூரே பையில் குலுங்கின. வாரம் முழுக்கச் சலவை அறை அவருடையது. வாரம் முழுக்க வேலையும் அவருடையது. துவைத்து, உலர்த்தி, மடித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். புத்தகம் ஜன்னலோரம் ஆவி பட்டு உப்பிக்கொண்டிருந்தது.

'என்ன சுத்தமான ஜனங்கள்!' என்று மட்டும் வியந்தார். பொர்யேயின் சட்டைகளில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. அதே பொர்யே, மார்ச் குளிரில் பால்கனியில் கால்சட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார். அவை விறைத்து அட்டைபோல் நின்றன.

"என்ன பொர்யே இது?"

"காத்தாட வெச்சிருக்கேன்," என்று பொர்யே வானத்தைப் பார்த்தார்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஸ்டூரே எலும்புப் பாடத்தில் இன்னும் தோள்பட்டையைத் தாண்டவில்லை. வேறு வழியில்லாமல் பொர்யேயின் சட்டையையே மேசைமேல் விரித்து, மடித்துக்கொண்டே கத்தினார்: "காலர், காறை எலும்பு! கை, மேற்கை எலும்பு!" கால்சட்டையில் தொடை எலும்பும் முழங்கால் சில்லும் வந்தன. காலுறையில் கணுக்கால். பலவீனமான கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும் என்பதை யூர்டிஸின் இரவு அங்கி கற்றுத் தந்தது. ஆறு வீட்டுத் துணியும் அவருக்கு ஆறு நோயாளிகள்.

தேர்வில், படுத்திருந்த பொம்மைக்குச் சட்டை மாற்றச் சொன்னார்கள். கண் மூடித் திறப்பதற்குள் மாற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் பழைய சட்டையை மடித்து, காலுறைகளையும் ஜோடி சேர்த்து வைத்தார்.

"இவ்வளவு நாளா எங்கே இருந்தீங்க?" என்றார் தேர்வாளர் அம்மாள்.

"சலவை அறையில."

தேறிவிட்டார். அந்தச் சனிக்கிழமையே பெரிய கேக் ஒன்று வாங்கி, ஆறு வீட்டையும் சலவை அறைக்கு அழைத்து, ஆறு பூட்டுகளையும் வரிசையாக மேசைமேல் வைத்தார்.

"உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். துவைக்கணும்னு உங்க நேரத்தை நான் வாங்கல. ஒளிஞ்சு உக்காந்து படிக்கத்தான் வாங்கினேன். உங்களை ஏமாத்திட்டேன். ஆனா நீங்க மட்டும் குடுக்கலேன்னா இன்னிக்கு நான் இல்ல. மன்னிச்சுக்குங்க. ரொம்ப நன்றி."

எல்லோரும் கேக்கையே பார்த்தார்கள். யூர்டிஸ் சிவந்து வெடிப்பு விட்டிருந்த கையை நீட்டித் தன் பூட்டை எடுத்துக்கொண்டாள்.

"அட மக்கு, நீ கத்துற கத்தல் காத்துக்குழாய் வழியா வந்து எங்க வீட்டுக் குழம்புலயே விழுந்துச்சு, நீ மெஷினைச் சும்மா ஓடவிட்டுட்டுப் படிப்பேன்னு நாங்க துவைச்ச துணியாப் பொறுக்கிக் குடுத்துட்டு, அழுக்கையெல்லாம் ரெண்டு மாசமாக் குளியல் தொட்டியில கசக்கினா, நீ என்னடான்னா உக்காந்து மடிச்சிருக்கே!"