வண்ணாத்தி இன்னும் வாய் வைக்கவில்லை

இன்னுங்கொஞ்சக்காரர்களை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். அவர்கள் கையால் சாப்பிடாமல் நீங்கள் இவ்வளவு தூரம் வளர்ந்து வந்திருக்க முடியாது. ஒல்லியாக ஓர் உயிர் கண்ணில் பட்டுவிட்டால் அவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. உங்கள் கன்னத்தைப் பார்ப்பார்கள், கழுத்தெலும்பைப் பார்ப்பார்கள், "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்பார்கள். நீங்கள் இளைக்கவே இல்லை, போன பெருநாளுக்குத் தைத்த சட்டையில் இப்போது பொத்தான் போட முடியவில்லை என்று ஆதாரத்தோடு விளக்கிக்கொண்டிருக்கும்போதே தட்டில் ஒரு கரண்டி விழுந்திருக்கும். "போதும்" என்ற சொல் மட்டும் அவர்கள் காதில் ஏறாது. மற்றபடி காது நன்றாகவே கேட்கும்.

இந்த இனம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் சட்டமே தன் பக்கம் இருக்கிற தெம்போடு அது நடமாடுவது குவைத்தில்தான். இங்கே கஹ்வா என்கிற அரபுக் காப்பியை ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டே இருப்பார். வாயால் போதும் என்று சொல்வது செல்லாது, கையால் மறிப்பதும் செல்லாது. காலிக் கிண்ணத்தை விரல் நுனியில் பிடித்து இப்படியும் அப்படியும் இரண்டு ஆட்டு ஆட்ட வேண்டும். ஆட்டிவிட்டால் முடிந்தது. அதற்கு மேல் எப்பேர்ப்பட்டவனும் ஊற்ற மாட்டான், ஊற்றினால் விருந்தாளியை அவமதித்ததாக ஆகும். இன்னொரு சட்டமும் உண்டு. விருந்தாளி கைவைக்கும்வரை சபையில் வேறு யாரும் தட்டைத் தொடக்கூடாது.

இந்த இரண்டு சட்டங்களையும் கரைத்துக் குடித்தவர் அபூ ஷம்லான். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளை மேய்த்து ஓய்வு பெற்றவர். தெருப்பூனைகள் எல்லா வீட்டு மதிலும் ஏறும், அவர் வீட்டு மதில் மட்டும் ஏறாது. ஏற முடியாது, அவ்வளவு தின்றிருக்கும். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்க வந்தவர் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிப்போய், பெட்டி மறுநாள்தான் ஓடியது. வாசலை ஒட்டிய திவானியா அறையில் தினமும் அந்தியில் நண்பர்கள் கூடுவார்கள், பேசுவார்கள், சாப்பிடுவார்கள். பேசுவது குறைந்து சாப்பிடுவது கூடி வெகுகாலம் ஆயிற்று.

அந்த அறையின் சுவர் நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி. மகன் ஷம்லான் ஆசையாக வைத்தது. கல்யாணமாகித் தனிவீடு போனபோது, தொட்டியை நகர்த்தினால் மீன்கள் மிரண்டுவிடும் என்று அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனான். அப்பாவின் பொறுப்பில் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டாமா? தொட்டியிலிருந்த ஆரஞ்சு மீன்கள் இரண்டும் இப்போது நீந்துகின்றனவா உருள்கின்றனவா என்று பார்த்தவர்கள் சந்தேகப்பட்டார்கள்.

தொட்டிக்கு ஒரு குழாய் வாங்கத்தான் அபூ ஷம்லான் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனார். போன இடத்தில் அதைப் பார்த்தார். வெள்ளி உடம்பில் செம்புநிறப் பட்டைகள், குறடு மாதிரி நீண்டு கூர்ந்த வாய். வண்ணாத்தி மீன். வயிறு உள்ளே வாங்கி, தலை மட்டும் பெரிதாக, கண்ணாடித் தொட்டியின் மூலையில் தன்னந்தனியாக நின்றது.

"அதை விடுங்க பாபா. வந்ததுலேர்ந்து சரியாத் திங்கலை. இந்தா, கொழுத்ததா ஒண்ணு தர்றேன்" என்றான் கடைக்காரன்.

"கொழுத்ததுக்கு நான் எதுக்குய்யா?" என்றார் அபூ ஷம்லான்.

"அப்ப ஒண்ணு கேட்டுக்குங்க. இது பாறைச் சந்துல மூக்கை விட்டுக் கொத்தித் தின்னுற சாதி. கொஞ்சமா வைங்க, அடிக்கடி வைங்க. வச்சுட்டுத் தள்ளிப் போயிருங்க. நின்னு பாக்காதீங்க."

இதில் "அடிக்கடி வைங்க" என்ற பகுதி மட்டும் அபூ ஷம்லான் காதில் ஏறியது. மீதிக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறதே.

அன்று அந்தியில் திவானியாவுக்கு வந்தவர்களிடம் அவர் தொட்டியைக் காட்டி, "நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காரு" என்று அறிவித்துவிட்டு, ஒரு கைப்பிடி இறால் நறுக்கிப் போட்டார். ஆரஞ்சு மீன்கள் இரண்டும் முறை வைத்து விழுங்கின. விருந்தாளி பாறைக்குப் பின்னால் போய்விட்டார்.

"வெக்கப்படுறான்" என்றார் மிஸ்யத். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து அபூ ஷம்லானின் நண்பர், எதற்கும் விளக்கம் வைத்திருப்பவர்.

"ஊரு மாறி வந்திருக்கான்ல, பயமா இருக்கும். கூட நாலு பேரு இருந்தா தெம்பா இருக்கும்" என்றார் அபூ தாரி. இவர் சாப்பாட்டுக்காக வருபவர், வீட்டுக்காரர் மனசுக்கு ஏற்றமாதிரி பேசுவார்.

தெம்பு கொடுக்க எல்லோரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஆறேழு தாடிகளை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த எந்த ஜீவனுக்குத்தான் பசிக்கும்?

மறுநாள் காலை மீன்முட்டை, மத்தியானம் கணவாய், மாலையில் மறுபடி இறால், நடுநடுவே ஆர்வத்தில் யாரோ போட்ட என்னவோ. தொட்டியைச் சுற்றித் தட்டுகள் பெருகின. அபூ ஷம்லான் முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்து, விருந்தாளிக்குக் கூச்சம் போகட்டும் என்று தானும் ஒரு தட்டு வைத்துச் சாப்பிட்டுக் காட்டினார். "இதோ பாரு, நான் சாப்பிடுறேன் பாரு. நீயும் ஒரு வாய்…"

அதற்கு மறுநாள் காலையில் அறையைக் கூட்ட வந்த மனைவி லூல்வா இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் தம்பி பொண்டாட்டி புதுசா வந்தப்பவும் இப்படித்தான் எதிரே உக்காந்தீங்க. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் நம்ம வீட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்கலை" என்றாள்.

"அவ பறவை மாதிரிக் கொறிச்சா. மனசு கேக்குமா?"

"அவ சாப்பிட்டாளோ இல்லையோ, நீங்க கண்ணை எடுத்திருந்தா நிம்மதியா இருந்திருப்பா."

தின்னாத இறாலெல்லாம் அடியில் கிடந்து அழுகியது. தண்ணீர் கலங்கி, பாறையே தெரியாமல் போயிற்று. லூல்வா போன் போட, ஷம்லான் அலறியடித்துக்கொண்டு வந்து, சட்டைக் கையைச் சுருட்டி, பாதித் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டான்.

"வாப்பா, இது தொட்டியா, சால்னாச் சட்டியா?"

"திட்டாதேடா. அவன் சாப்பிட மாட்டேங்கிறான்."

ஷம்லான் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "முதுகெல்லாம் ஒட்டிப் போச்சு வாப்பா. இன்னும் ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள். அதுக்குள்ள வாய் வைக்கலைன்னா போயிரும்."

அபூ ஷம்லான் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தோம், இந்த இடத்தில் சிரிக்க முடியாது. ஊரில் அவரைப் பற்றி ஆயிரம் கேலி உண்டு, ஆனால் அவர் வீட்டிலிருந்து பசியோடு எழுந்து போனதாக எவனும் சொன்னதில்லை. இப்போது ஓர் உயிர், அவரே தேடிப் போய்க் கூட்டிவந்த உயிர், அவர் கண்முன்னே, இத்தனை தட்டுகளுக்கு நடுவே பட்டினியால் சாகப் போகிறது.

ஷம்லான் கிளம்புவதற்கு முன் ஒரு மட்டியைப் பிளந்து, சதை தெரிய ஓட்டோடு பாறைச் சந்தில் செருகினான். "இது ஒண்ணு போதும். வேற எதையும் போடாதீங்க. விளக்கைக் கொஞ்சம் மங்கலா வச்சுட்டு, தயவுசெஞ்சு எல்லாரும் அந்தப் பக்கம் போங்க."

விளக்கை மங்கலாக்கினார்கள். அந்தப் பக்கம் மட்டும் போகவில்லை. அதெப்படிப் போவது? விருந்தாளியைத் தனியே விட்டுவிட்டுப் போகிற வீடா அது?

அந்தியில் லூல்வா ஆட்டுக்கறி மச்பூஸ் அனுப்பினாள். மீன் எதுவும் சமைக்கவில்லை, ஒரு மரியாதைக்கு. சோற்று மலையின்மேல் கறி, கறியின்மேல் வறுத்த வெங்காயமும் திராட்சையும், பக்கத்தில் காரமான தக்காளிச் சட்னி. ஆவி பறக்கும் தாம்பாளம் நடுவில் வந்து இறங்கியதும் அபூ தாரி தன் நீள அங்கியான திஷ்தாஷாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"கைய எடு. விருந்தாளி இன்னும் வாய் வைக்கலை" என்றார் அபூ ஷம்லான்.

"எந்த விருந்தாளி?"

அபூ ஷம்லான் தொட்டியைக் காட்டினார்.

"ஏம்ப்பா, மீனு தின்னாத்தான் நான் திங்கணுமா?"

"அவன் வீட்டுக்குப் புதுசு. நீ பழசு."

மறுத்துப் பேச முடியாது, சட்டம் அப்படி. எல்லோரும் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவி குறைந்தது. நெய் உறைய ஆரம்பித்தது. வண்ணாத்தி பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மட்டும் காட்டி இவர்களைப் பார்த்தது. அபூ தாரி அதைப் பார்த்த பார்வையில் அன்பு இருந்ததாகச் சொல்ல முடியாது.

"டேய், அவனுக்கு வேணாமோ என்னமோ" என்றார் மிஸ்யத் மெதுவாக.

"வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும்."

"மீனு எப்படிய்யா சொல்லும்?"

அந்த நேரத்தில் வண்ணாத்தி வெளியே வந்தது. மட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது. நீண்ட வாயை ஓட்டுக்குள் விட்டு, தலையை இப்படியும் அப்படியும் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, சட்டென்று பின்வாங்கிப் பாறைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அபூ ஷம்லான் மெல்ல எழுந்தார்.

"பாத்தீங்களா? ஆட்டுனான். கிண்ணத்தை ஆட்டுற மாதிரி, அப்படியே ஆட்டுனான்!"

மீன்களைப் பற்றி எதுவும் தெரியாத மிஸ்யத்துக்கு ஆட்டுவதைப் பற்றி எல்லாம் தெரியும். பசி வேறு. "ஆமா, ஆட்டுனான். நானே சாட்சி" என்றார்.

"ஒரு வாய் எடுத்துட்டு ஆட்டிட்டான். போதும்ங்கிறான்." அபூ ஷம்லான் இறால் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். "சரி. ஆட்டினதுக்கு மேல அவனை வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்லுங்க, சாப்பிடுங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அபூ தாரியின் கை கறிக்குள் போய்விட்டது. எல்லா முதுகுகளும் தொட்டிப் பக்கம் திரும்பின. அந்த மீன் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்போதுதான் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அபூ ஷம்லானுக்குச் சோறு இறங்கவில்லை. தலையைக் குனிந்து, எதிரே இருந்த பித்தளைக் கஹ்வாக் குடுவையை வெறித்துக்கொண்டிருந்தார். லூல்வா அன்று காலை துலக்கிய குடுவை. அதில் அவருக்குப் பின்னாலிருந்த தொட்டி தெரிந்தது. தொட்டியில் பாறை தெரிந்தது. பாறையில் ஒரு செம்புநிறப் பட்டை அசைந்தது.

வண்ணாத்தி மட்டியின்மேல் நின்று கொத்திக்கொண்டிருந்தது. கொத்தும், தலையை ஆட்டும், பிய்க்கும், விழுங்கும், மறுபடி கொத்தும்.

அபூ ஷம்லான் துள்ளி எழுந்தார். பழக்கம்! கை தானாக இறால் கிண்ணத்தைத் தேடியது. "சாப்பிடுறான்டா! இன்னும் கொஞ்சம்…"

மிஸ்யத் அவருடைய திஷ்தாஷாவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். "உக்காரு."

"விடுடா, பசியில இருக்கான்."

"கிண்ணத்தை ஆட்டின விருந்தாளிக்கு மறுபடி ஊத்துவியா நீ? அபூ ஷம்லான் வீட்டுலயா?"

வேறு எந்த வாதமும் அவரை நிறுத்தியிருக்காது. கடைக்காரன் சொல், மனைவியின் சொல், மகனின் சொல் எல்லாவற்றையும் தாண்டி வந்தவர் இந்த ஒன்றைத் தாண்ட முடியாமல் நின்றார். பிறகு உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, சாப்பிடுகிற விருந்தாளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடுவையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"என்னப்பா, சட்னி காரமா?" என்றார் அபூ தாரி, வாய் நிறைய.

"ஆமா. காரம்தான்" என்றார் அபூ ஷம்லான்.

செய்தியைக் கேட்ட ஷம்லான் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "வாப்பா, அது போதும்னு ஆட்டலை. சதையைப் பிய்க்க ஆட்டுச்சு. அப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. நீங்கல்லாம் முறைச்சுக்கிட்டு இருந்ததுல பயந்து ஓடியிருக்கு."

அபூ ஷம்லான் ஏற்கவில்லை. "உனக்கு மீனைத் தெரியும்டா, விருந்தாளியைத் தெரியாது" என்று போனை வைத்துவிட்டார்.

இப்போது அந்தத் திவானியாவுக்குப் புதிதாகப் போகிறவர்கள் குழம்பித்தான் போகிறார்கள். சுவர் நீளத்துக்கு அழகான தொட்டி, அதில் வயிறு புடைத்த வண்ணாத்தி மீன், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெற்றுச் சுவரைப் பார்த்தபடி ஒரு கூட்டம். யாராவது திரும்பினால் அபூ ஷம்லான் பல்லைக் கடித்துக்கொண்டு, "திரும்பாதே, அவரு சாப்பிடுறாரு" என்பார். அப்படியானால் அவர் திருந்திவிட்டாரா? மீன் விஷயத்தில் திருந்திவிட்டார். மீனுக்குப் போடாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் மற்றவர்கள் தட்டில் போடுகிறார். மிஸ்யத் புதிதாகத் திஷ்தாஷா தைக்கக் கொடுத்திருக்கிறார், அபூ தாரி கொடுத்துத் தைத்தும் வாங்கிவிட்டார்.

சிரித்தாயிற்றா? சரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போன முறை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் போதும் போதும் என்று கும்பிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் இலையை மடிக்கப் போனாரே, அந்த மடிப்புக்குள் ஒரு வடையை நழுவவிட்ட கை யாருடையது? அன்பு என்கிறீர்கள். இருக்கட்டும், வடைக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொள்வோம். வைத்த பிறகு, அவர் அதைத் தின்று முடிக்கும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே நின்றீர்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. அதுவரை கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். பாவம், அவர் சாப்பிடட்டும்.