கௌரவமான கோமாளிக் கூத்து

லண்டன் பாராளுமன்றத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இந்த அரசாங்கம் நடத்துவது ஆட்சியல்ல, கோமாளிக் கூத்து" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெரிதாக யோசித்துச் சொன்னதல்ல. மதியம் தின்ற ஆட்டிறைச்சி சரியாக வேகாததில் ஓர் எரிச்சல், அவ்வளவுதான். ஆனால் சபைக் குறிப்பில் ஏறிய சொல் ஏறியதுதான்.

விஷயம் உரிய நடவடிக்கைக்காகப் பொது நாகரிக அலுவலகத்துக்கு வந்தது. அலுவலகம் ஆழ்ந்து யோசித்தது. உறுப்பினரின் வாயை அடைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆட்சியைத் திருத்துவது மேற்படி அலுவலகத்தின் அதிகார வரம்பில் வரவில்லை. மிச்சமிருந்தது கோமாளிக் கூத்துதான். அதைக் கௌரவமானதாக ஆக்கிவிட்டால், அரசை அப்படிச் சொல்வது பாராட்டாகிவிடும் அல்லவா? இந்த முடிவுக்கு வர மூன்று குழுக்களும் பதினோரு வாரங்களும் பிடித்தன.

இதெல்லாம் ஜெத்ரோ டென்ச்சுக்குத் தெரியாது. லண்டனின் லாம்பெத் பேட்டையில் மிஸஸ் ஹார்பாட்டிலின் நாடகக் கொட்டகையில் அவன் இருபத்திரண்டு வருஷமாகக் கோமாளி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஆறு வாரம், பெரிய நாடகம் முடிந்த பிறகு வரும் கடைசி அரைமணி நேரம் அவனுடைய ராஜ்யம். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, கன்னத்தில் சிவப்பு முக்கோணம். கசாப்புக் கடையிலிருந்து பன்னிரண்டு கஜ நீளத்துக்கு, குடலில் இறைச்சி அடைத்த சாசேஜ் சரத்தைத் திருடுவான். கடை வாசலில் வெண்ணெயைத் தடவி வருகிறவனை எல்லாம் வழுக்கி விழ வைப்பான். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போலீஸ்காரனின் பின்பக்கத்தில் ஒரு குத்துக் குத்துவான். வருஷம் முழுக்கப் போலீஸ்காரனைக் கண்டால் ஒதுங்கி நடக்கிற சலவைக்காரிகளும் சுமைகூலிகளும் அப்போது சிரிக்கிற சிரிப்பில் கூரை அதிரும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகத்தான் மீதி நாற்பத்தாறு வாரமும் அவன் மீன் அங்காடியில் கூடை தூக்கினான்.

ஒத்திகை நாளன்று பொது நாகரிக அலுவலகத்திலிருந்து செப்டிமஸ் லவ்பாண்ட் என்பவர் குடையோடு வந்து சேர்ந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூத்து முழுவதையும் முகம் மாறாமல் பார்த்தார்.

"இந்த சாசேஜ் காசு குடுத்து வாங்கறதா?" என்று கேட்டார்.

"திருடறதுங்கய்யா. கோமாளி வேற என்ன பண்ணுவான்?" என்றான் டென்ச்.

"இனிமே ரசீது வாங்கிடுங்க. இந்தக் கம்பி நிஜமாவே காய்ச்சினதா?"

"சிவப்புப் பெயின்ட்டுங்க."

"அப்ப ஜனங்களை ஏமாத்தறீங்க. ஒண்ணு நிஜமாவே காய்ச்சுங்க, இல்லேன்னா பெயின்ட்டுன்னு எழுதி ஒட்டுங்க."

போலீஸ்காரன் வேஷம் போடும் ராக், "எழுதியே ஒட்டிடலாம்" என்று அவசரமாகச் சொன்னான்.

"வெண்ணெய் தடவின இடத்துல எச்சரிக்கைப் பலகை வைக்கணும். ஒருத்தரை அடிக்கணும்னா அடிபடறவரோட சம்மதம் எழுத்துமூலமா வேணும். மூணு பிரதி."

டென்ச் வாயைத் திறந்தான். மிஸஸ் ஹார்பாட்டில் அவனை முழங்கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"வாயை மூடு ஜெத்ரோ. லைசென்ஸைப் புடுங்கிட்டான்னா இருபது குடும்பம் தெருவுல நிக்கும். அந்த மனுஷன் சொன்னதை அப்படியே செஞ்சு தொலை."

"அப்படியேவா?"

"ஒரு எழுத்து மாறாம."

ஒரு எழுத்து மாறாமல்தான் செய்தார்கள். முதல் காட்சியில் டென்ச் சாசேஜை எடுத்தான். கடைக்காரன் ரசீது எழுதி முடிக்கும்வரை காத்து நின்றான். கொட்டகை நிசப்தமாக இருந்தது. ஒரு சுமைகூலி கொட்டாவி விட்ட சத்தம் மேடைவரை கேட்டது. டென்ச் போலீஸ்காரனிடம் போய்ப் படிவத்தை நீட்டி, "தங்களை அடிக்கலாங்களா?" என்று கேட்டான். ராக் மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டான்.

முன்வரிசையில் லவ்பாண்ட் துள்ளி எழுந்தார். "நாலாவது கட்டம்! நாலாவது கட்டத்துல போடணும்யா!"

ஒழுங்கைக் காக்க மேடையேறினார். அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகையைக் கண்டார். எந்த அறிவிப்பையும் படிக்காமல் தாண்டிப் போகிற வழக்கம் அவருக்கில்லை. எழுத்து பொடியாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் நெருங்கினார். 'இங்கே வெண்ணெய் தடவப்பட்டுள்ளது' என்பதில் 'தடவப்' வரைக்கும் படித்திருப்பார். கால் இரண்டும் வானத்தைப் பார்த்தன.

கூரை அதிர்ந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் டென்ச் கேட்காத சிரிப்பு அது.

செய்தி பரவி, மறுநாளிலிருந்து கொட்டகையில் நிற்க இடமில்லை. லவ்பாண்ட் இடுப்பில் பிளாஸ்திரியோடு அறிக்கை எழுதினார்: "கூத்து முழுக் கௌரவத்தோடு நடைபெற்றது. பார்வையாளர்களின் நடத்தையே கௌரவக் குறைவாகக் காணப்பட்டது. முன்னனுமதி ஏதுமின்றி ஏறத்தாழ அறுநூறு பேர் சிரித்தனர்."

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிப் பகல் காட்சிக்கு முன்பு வாசலில் மேஜை போடப்பட்டது. சிரிக்க விரும்புவோர் படிவம் நிரப்பி முத்திரை பெற வேண்டும். எதைக் கண்டு சிரிக்க உத்தேசம், எவ்வளவு நேரம், பல் தெரியுமா தெரியாதா?

டென்ச்சுக்குப் பரம சந்தோஷம். "இன்னிக்குப் பாருங்கம்மா" என்று மிஸஸ் ஹார்பாட்டிலிடம் சொன்னான். "நம்ம லாம்பெத் சனங்க இந்தக் காகிதத்தைக் கிழிச்சு அந்தாளு தலையிலேயே கொட்டப் போறாங்க."

வேடிக்கை பார்க்க வேஷத்தோடு வாசலுக்கு ஓடினான்.

பனியில் முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள். யாரும் எதையும் கிழிக்கவில்லை. ஒருவர் முதுகில் ஒருவர் காகிதத்தை வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

வருஷா வருஷம் முதல் ஆளாகச் சிரிக்கிற சலவைக்காரியைப் பார்த்து, "ஏம்மா, சிரிக்கிறதுக்கு எதுக்கும்மா அனுமதி?" என்றான் டென்ச்.

"அதெப்படிய்யா வாங்காம விட முடியும்? நாளைக்கு யாராச்சும் கேட்டா என்னன்னு சொல்றது?" என்றாள் அவள். "கொஞ்சம் தள்ளிக்கோ. பின்னால நிக்கறவன் உள்ள பூந்துடுவான்."

"அப்படிப் பூந்துடறதுக்கு இது என்ன சந்தைக்கடையா?" என்றான் பின்னால் நின்ற சுமைகூலி.

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் டென்ச் பத்தடி பின்னால் போனான், ஓடி வந்தான், உறைந்து கிடந்த படிக்கட்டில் காலை விட்டான். காற்றில் ஒரு முழுச் சுற்று. மேஜைமேலிருந்த படிவக் கட்டு பறந்தது, மைக்கூடு அவன் மூக்கில் கவிழ்ந்தது, கடைசிப் படிவரை தடதடவென்று உட்கார்ந்தபடியே இறங்கி, தொப்பி தானாக வந்து தலையில் விழ, நடைபாதையில் கால் பரப்பி முடித்தான். அவன் வாழ்நாளிலேயே அப்படி விழுந்ததில்லை.

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

சுமைகூலியின் முகம் சிவந்து உப்பியது. சலவைக்காரி சால்வை நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். முந்நூறு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமில்லை. யாருடைய படிவத்திலும் இன்னும் முத்திரை விழவில்லை.

லவ்பாண்ட் மேஜையைச் சுற்றி வந்து, நிஜமான வருத்தத்தோடு டென்ச்சுக்குக் கை கொடுத்தார். "அவசரப்பட்டுட்டீங்க மிஸ்டர் டென்ச். மூணு மணிக்கு மேல விழுந்திருக்கலாமே."

வரிசையில் நின்றவர்கள் அவனை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, இடம் தவறாமல் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்கள்.