தொண்ணூற்றொரு வயதுக் கவ்வாத்துக்காரர்

“உங்கட முழுப்பேர் என்ன?” என்று டாக்டரையா கேட்டார்.

“நேத்து முழுப்பேருங்க. முந்தாநாளு மழை, அரைப்பேருதாங்க குடுத்தாங்க,” என்றார் அழகுமுத்து.

டாக்டரையா பேனாவைக் கீழே வைத்தார். அவர் பெயர் ஜெயரத்தினம். யாழ்ப்பாணத்திலிருந்து திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளமும்தான் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தங்கமான மனிதர். ஆனால் புத்தகத்தில் எழுதியிருப்பதையெல்லாம் அப்படியே நம்புகிறவர். வினை வந்ததே அங்கேதான்.

கொழும்பிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. நாட்டில் எல்லாருக்கும் ஆயுள் கூடிக்கொண்டு வருகிறதாம், தோட்டத்துச் சனங்களுக்கு மட்டும் கூடவில்லையாம். சாப்பாடு காரணமா, பழக்கவழக்கம் காரணமா என்று விசாரித்து எழுத வேண்டுமாம். ஜெயரத்தினம் யாரும் தொடாத பழைய பதிவுப் புத்தகத்தைத் தூசி தட்டினார். அதில் ‘சோலைமலை, கவ்வாத்து வேலை’ என்ற பேருக்கு நேரே இருந்த பிறந்த வருஷத்தைக் கணக்குப் பார்த்து, வயது தொண்ணூற்றொன்று என்று கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அந்த வயதில் மலையில் ஏறித் தேயிலைச் செடியை வெட்டுகிற ஆள் ஒருவர் இருக்கிறாரா?

இருந்தார். ஆனால் அவர் சோலைமலை இல்லை.

சோலைமலை, அழகுமுத்துவின் பெரியப்பா. அவர் கண்ணை மூடி முப்பத்தாறு வருஷம் ஆகிறது. அப்போதிருந்த கங்காணிக்கு ஆள் தலைக்கு இவ்வளவு என்று காசு. ஒரு தலை குறைந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பன்னிரண்டு வயது அழகுமுத்துவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெரியப்பா பேருக்கு நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அழகுமுத்து, புத்தகத்தில் சோலைமலை. அழகுமுத்து என்று ஓர் ஆள் அந்தத் தோட்டத்துப் புத்தகத்தில் பிறக்கவே இல்லை. விஷயம் வெளியே வந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். பெண்டாட்டி, மூன்று பிள்ளைகளோடு மழையில் நிற்க வேண்டியதுதான்.

அதனால், “நீங்கள்தானே சோலைமலை? தொண்ணூற்றொரு வயசோ?” என்று டாக்டரையா கேட்டபோது, அழகுமுத்து “ஆமாங்கய்யா” என்று சொல்லிவிட்டார். வேறு என்னதான் செய்வார், பாவம்.

அடுத்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி வந்தது. அழகுமுத்து உள்ளதைச் சொன்னார். காலையில் ரொட்டி, பகலுக்கு ரொட்டி, ராத்திரி சோறு இருந்தால் சோறு, நடுநடுவே பாலில்லாத சாயத்தண்ணி. எல்லாரும் இதைத்தானே சாப்பிடுகிறார்கள், பிறகு நீங்கள் மட்டும் எப்படி என்று ஜெயரத்தினம் புருவத்தைச் சுருக்கினார். சந்தேகப்படுகிறாரோ என்று பயந்து அழகுமுத்து வாய்க்கு வந்ததை விட்டார்.

“வல்லாரைங்க. தெனமும் ஒரு கைப்பிடி, பச்சையாவே மெல்லுவேன். தவறணப் பக்கம் தலவச்சுப் படுத்ததே இல்லீங்க.”

மறுநாளே ஆஸ்பத்திரிக் கதவில் அறிவிப்புத் தொங்கியது. மருந்துக்குப் போனவர்களுக்கெல்லாம் வல்லாரை. தலைவலிக்கும் வல்லாரை, அட்டைக்கடிக்கும் வல்லாரை. ஒரு வாரத்தில் ஆற்றோரத்தில் பேருக்குக்கூட ஒரு இலை இல்லை. லயத்தார் அழகுமுத்துவைத் திட்டாத திட்டு இல்லை. அவர் பாடோ அதைவிட மோசம். தினமும் விடிந்ததும் டாக்டரையா முன்னால் நின்று ஒரு கைப்பிடியை மாடு மாதிரி மென்றுகாட்ட வேண்டியிருந்தது. சனிக்கிழமைச் சாராயமும் போயிற்று. டாக்டரையா உலாத்தப் போகிற பாதை தவறணைக் கடை வாசல் வழியாகத்தான் போகும்.

அத்தோடு விட்டாரா? இந்த அதிசயப் பிறவி எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்று பார்க்க ஒரு நாள் லயத்துக்கே வந்துவிட்டார். அடுப்படியில் அழகுமுத்துவின் பெண்டாட்டி வேலாயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பேத்தியோ என்று டாக்டரையா விசாரித்தார்.

“ரெண்டாந்தாரங்க,” என்றார் அழகுமுத்து, வேறு வழி தெரியாமல்.

ஜெயரத்தினம் அதையும் குறித்துக்கொண்டு அடிக்கோடு போட்டார். டாக்டரையா படியிறங்கினார். வேலாயி ரொட்டிக்கல்லை இறக்கி வைத்தாள்.

“தொண்ணூறு வயசுக் கெழவனுக்கு ரெண்டாந்தாரமா வந்தவளுக்கு ரொட்டி சுடத் தெரியாது. வல்லாரையத் தின்னுட்டுப் படுங்க.”

அவர் அப்படியே தின்றுவிட்டுப் படுத்தார்.

இதற்குள் டாக்டரையாவின் அறிக்கை கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அங்கிருந்து பெரிய டாக்டர் காரில் வந்து இறங்கினார். கூடவே தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையும் வந்தார். தன் தோட்டத்தில் தொண்ணூற்றொரு வயது ஆள் வேலை செய்வது துரைக்கு அப்போதுதான் தெரியும். அறுபது வயதானால் பேரை வெட்ட வேண்டும் என்பது சட்டம். துரை கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பேரை வெட்டு, மாசக்கடைசியில் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லு என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அழகுமுத்து எதற்குப் பயந்து அத்தனை இலையையும் மென்றாரோ அதுவே நடந்துவிட்டது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“தொர, அது எம்பேரு இல்லீங்க. செத்துப்போன எங்க பெரியப்பா பேரு. எனக்கு நாப்பத்தெட்டுதான் ஆவுது, மாரியம்மா சத்தியமா. இன்னும் பன்னெண்டு வருசம் கவ்வாத்து வெட்டுவேங்க. பேர மட்டும் வெட்டிராதீங்க.”

ஜெயரத்தினத்தின் முகம் வெளுத்துவிட்டது. பெரிய டாக்டர் அழகுமுத்துவை வாயைத் திறக்கச் சொன்னார். மேல்வரிசையில் நான்கு பல் இருந்தது. கூனிப்போன முதுகைத் தடவிப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார், குழாயை நெஞ்சில் வைத்து இருமச் சொன்னார். காய்த்துப்போன உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு துரையிடம் இங்கிலீசில் கொஞ்ச நேரம் பேசினார்.

ஜெயரத்தினம் அதைத் தமிழில் எல்லாருக்கும் சொன்னார். வேலை மேல் இவ்வளவு பிரியம் இருப்பதால்தான் பெரியவர் இந்த வயதிலும் உயிரோடு இருக்கிறாராம். அதனால்தான் வயதைக்கூடக் குறைத்துச் சொல்கிறாராம். வேலையை நிறுத்தினால் ஒரே மாதத்தில் ஆள் போய்விடுவாராம், அந்தப் பழி தோட்டத்தின் மேல்தான் விழுமாம். துரை தோளைக் குலுக்கிவிட்டு, பேர் இருக்கட்டும் என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். கூட்டத்தில் நின்ற வேலாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அழகுமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மாரியம்மா மேல் சத்தியம் பண்ணியாயிற்றே, பொய்ச் சத்தியம் என்று ஆகிவிடக் கூடாதே.

“இல்லீங்க பெரிய டாக்டரையா, நெசமாவே நாப்பத்தெட்டுதாங்க,” என்று மெல்ல இழுத்தார்.

பெரிய டாக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, அவர் தோளில் கை போட்டார்.

“பொய் சொல்லாதேங்கோ பெரியவர். நாற்பத்தெட்டு வயசு ஆள் எப்படி இருப்பானெண்டு எனக்குத் தெரியாதோ? போன மாசம்தான் எனக்கு நாற்பத்தெட்டு முடிஞ்சது.”