ஜப்பான் ஓட்டலில் நான் நிறுத்திய நிச்சயம்

கவலைப்படுகிறவனுக்குக் கண் ரொம்பக் கூர்மை. மற்றவர்கள் சோற்றைப் பார்க்கும்போது அவன் சோற்றில் கிடக்கும் கல்லைப் பார்ப்பான். கல் இல்லையென்றால் ஏன் இல்லை என்று யோசிப்பான். நான் அந்த ஜாதி. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூடக் கவலையால்தான். பத்தாவதில் பெயிலாகிவிடுவேனோ என்று பயந்து ஒன்பதிலேயே நின்றுகொண்டேன். (இப்போது லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறேன். வானம் வெளுத்துக் கிடக்கும் நாளில்கூட மழை எந்தப் பக்கமாக உள்ளே நுழையும் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குக் கூலி.)

நாமக்கல்லில் நாங்கள் மூன்று பேர் ஒரு செட்டு. குமரேசன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். தங்கவேலுவுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடைகளைச் சாத்திவிட்டு வெளியே சாப்பிடப் போவோம். இத்தனை காலத்தில் அந்த வெளியே என்பது பைபாஸ் ஓரத்துப் புரோட்டா கடையைத் தாண்டியதில்லை. அங்கே எனக்குக் கவலை கிடையாது. எது வந்தாலும் அது என்னவென்று தெரியும்.

அதைக் கெடுத்தது ஒரு கல்யாணப் பேச்சு.

குமரேசனின் மகன் ஓமலூர்ப் பெண் ஒருத்தியை விரும்பினான். பெயர் கவிதா. அவளுடைய அப்பா குணசேகரனுக்கு ஓமலூரில் டைல்ஸ் கடை. லாரிக்காரர்கள் என்றாலே முரட்டு ஆட்கள், சாப்பிடத் தெரியாது, பேசத் தெரியாது என்று அவருக்கு ஓர் எண்ணம். பையன் சோறு இறங்காமல் இளைத்து, பெண் அழுது, ரெண்டு பக்கமும் ஆள் மாற்றி ஆள் போய்ப் பேசி, ஒருவழியாக அவர் இறங்கி வந்திருந்தார். திங்கட்கிழமை தட்டு மாற்றுவதாக முடிவு. அதற்கு முந்தின சனிக்கிழமை அவரையும் எங்களோடு சாப்பிட அழைத்துப் போனால் மனதில் மிச்சமிருக்கும் கசப்பும் போய்விடும் என்று குமரேசன் கணக்குப் போட்டான். புரோட்டா கடைக்கு அழைத்துப் போனால் கசப்பு கூடும் என்பதால் சேலத்தில் புதிதாகத் திறந்திருந்த ஜப்பான் ஓட்டலைப் பிடித்தான். அவன் மகன் சொன்ன யோசனை.

சேலம் போகிற வழியெல்லாம் காரில் எனக்குத்தான் பாடம். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். சிரிச்ச மூஞ்சியா இருந்தாப் போதும்" என்றான் குமரேசன்.

"எந்தளவுக்குச் சிரிக்கோணும்?" என்று கேட்டேன். (நிஜமாகவே சந்தேகம்தான்.) அவன் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

குணசேகரன் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. அன்பாகத்தான் கை குவித்தார். உள்ளே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மேசை முழங்கால் உயரம். பாய் போல விரித்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். எங்கேயோ ஊதுபத்தி புகைகிற வாசம். எந்த இடத்துக்குப் போனாலும் திசை பார்ப்பது என் தொழில் புத்தி. காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று தெரியாமல் தார்ப்பாயைக் கட்ட முடியாது. பார்த்தேன். குணசேகரன் தெற்கு பார்த்து உட்கார்ந்திருந்தார். மனதுக்குள் லேசாக ஏதோ இடறியது. ஆனாலும் சொன்னபடி சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் கவிச்சி தொடுவதில்லை என்றார் குணசேகரன். பெருமாளுக்கு விரதமாம். பரிமாற வந்த வடநாட்டுப் பெண் ஏதேதோ பெயர் சொன்னாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கறி, மீன், முட்டை எதுவும் இல்லாமல் சாதத்தில் என்ன உண்டோ அதைக் கொண்டுவரச் சொல்லிவிட்டான் குமரேசன்.

கொண்டுவந்தாள். நேராகக் குணசேகரன் முன்னால் வைத்தாள்.

நீளமான தட்டு. அதில் கையால் பிடித்த வெள்ளைச் சோற்று உருண்டை மூன்று, வரிசையாக. மூன்றின் தலையிலும் கறுப்பு எள். ஓரத்தில் புல்லைக் கிள்ளிப் போட்டதுபோல ஏதோ பச்சை. பக்கத்தில் சின்னக் கிண்ணியில் தண்ணீர் மாதிரி ஒன்று.

என் அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மோகனூர் காவிரிக்கரையில் தெற்கு பார்த்து உட்கார்ந்து இந்த மூன்றையும் என் கையாலேயே பிடித்து வைக்கிறேன். அப்பாவுக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று, அவருடைய அப்பாவுக்கு ஒன்று. அளவுகூட அதே அளவுதான். ஐயர் ஒருவர்தான் குறைச்சல்.

குணசேகரனின் அப்பா உயிரோடு இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது கட்டிலில் உட்கார்ந்து எங்களையெல்லாம் விசாரித்தவர் அவர்தான். அப்பா இருக்கிறவன் எள்ளுருண்டைச் சோற்றில் கை வைக்கலாமா? அதுவும் தட்டு மாற்றப் போகிற வாரத்தில்?

வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. நல்ல காரியம் பேசுகிற இடத்தில் அந்தப் பெயரை எடுப்பதே ஆகாது. மேசைக்கடியில் தங்கவேலுவின் தொடையைக் கிள்ளினேன். அவன் "கால் மரத்துப் போச்சா? நீட்டிக்க" என்றான். குமரேசனைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். அவன் இன்னும் கொஞ்சம் சிரி என்பதுபோல உதட்டைக் காட்டினான். குணசேகரன் குச்சிகளை விரல்களுக்கிடையில் செருகிப் பார்த்து, அது சரிப்படாமல் கீழே வைத்துவிட்டு, கையையே தட்டுப் பக்கம் கொண்டுபோனார்.

முறைப்படி அதைச் சாப்பிட வேண்டியது காக்கை. அந்த ஏசி அறையில் காக்கை இல்லை. நான் இருந்தேன்.

தட்டை வெடுக்கென்று என் பக்கம் இழுத்து முதல் உருண்டையை முழுசாக வாயில் போட்டேன். அது நம்மூர்ச் சோறு மாதிரி உதிராது. அண்ணத்தில் பசைபோல அப்பிக்கொண்டது. நடுவில் உப்பும் புளிப்புமாக ஏதோ ஊறுகாய் வேறு. மெல்லாமல் ரெண்டாவதைத் திணித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவதை உள்ளே தள்ளும்போது என் அப்பாவிடமும் தாத்தாவிடமும் அவருக்கும் மேலே இருப்பவரிடமும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

குமரேசனின் முகம் கறுத்துவிட்டது. லாரிக்காரர்களுக்குச் சாப்பிடத் தெரியாது என்று நினைத்திருந்தவர் எதிரில் இதைவிட நல்ல சாட்சி என்ன வேண்டும்? ஆனால் குணசேகரன் கோபப்படவில்லை. என்னை இரக்கமாகப் பார்த்து, "பாவம், மத்தியானம் சாப்பிடலீங்களாட்ட இருக்குது" என்றார். அந்த நேரத்தில் எல்லாம் பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன். திங்கட்கிழமை தட்டு மாற்றிவிடுவார்கள், என்னைப் பெருந்தீனிக்காரன் என்று நாலு நாள் பேசுவார்கள், அவ்வளவுதான்.

குமரேசன் சமாளிக்கிறேன் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அதே மாதிரி இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னான்.

மறுபடியும் மூன்று உருண்டை. மறுபடியும் எள். இந்த முறை ரெண்டு கையாலும் பயபக்தியோடு தட்டைப் பிடித்து அவர் முன்னால் வைத்தாள். குணசேகரன் ஒன்றைக் கையில் எடுத்தேவிட்டார். என் வாயில் இன்னும் பழைய மூன்று பாக்கி. என்ன வேகத்தில் விழுங்கினேனோ தெரியாது.

"வேண்டாமுங்க, வெச்சிருங்க" என்று கத்திவிட்டேன். "உங்கப்பா இன்னும் இருக்கறாருங்க. இது அதுங்க. மோகனூர்ல ஆத்தங்கரையில வெக்கறதுங்க."

அவர் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார். தட்டில் மிச்சமிருந்த இரண்டைப் பார்த்தார். எள்ளைப் பார்த்தார். அதுவரை அவருக்கு அது வெறும் பலகாரம். நான் சொன்ன பிறகு அவர் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

"இது எந்தத் திக்குங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "தெக்குங்க" என்றேன்.

உருண்டையை வைத்துவிட்டு எழுந்தார். யார் மீதும் கோபம் இல்லை என்றார். ஊட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணி வாத்துக்கோணும் என்றார். குமரேசன் செருப்பில்லாமல் வாசல் வரை அவர் பின்னாலேயே ஓடினான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காரில் ஏறுமுன் போனை எடுத்து யாரிடமோ பேசினார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருப்பார். வேறு என்ன கேட்டிருக்கப் போகிறார்?

திங்கட்கிழமை தட்டு மாற்றவில்லை. சகுனம் சரியில்லை, கொஞ்ச நாள் போகட்டும் என்று ஆள் வந்து சொன்னது. கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். குமரேசனின் மகன் என் கடை வழியாகப் போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டான். குமரேசன் போனை எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. தங்கவேலு மட்டும் ஒரு நாள் வந்து நின்று, "சும்மா தின்னுட்டு வந்திருக்கலாமில்லடா" என்றான். இதைத்தான் நானும் ராத்திரி பகலாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பையனின் வாழ்க்கையை மூன்று கவளத்தில் முடித்துவிட்டேன். என் பெண்டாட்டி எனக்குச் சோறு போடும்போதுகூட முகத்தைப் பார்க்கவில்லை. (அவள்தான் அந்தக் கல்யாணத்துக்குப் புடவை எடுத்து வைத்திருந்தவள்.)

காப்பாற்றியது அந்தக் கட்டில் பெரியவர்தான். வீட்டில் ஆளாளுக்கு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ரத்தம் எடுப்பதும், கேட்காமலே இளநீர் கொடுப்பதுமாக இருந்திருக்கிறார்கள். சந்தேகப்பட்டு அவர் கிளற, கவிதாதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெரியவர் மகனைக் கூப்பிட்டாராம்.

"ஏன்டா சாமி, ரெண்டு தட்டம் வெச்சும் நான் சாவுல. பொறவு எனக்கென்னடா கெடு? நான் கண்ணு முழிச்சிருக்கறப்பவே புள்ளைக்குத் தாலியக் கட்டி வுடு."

அடுத்த முகூர்த்தத்தில் தட்டு மாற்றி, அதற்கடுத்த மாதமே கல்யாணமும் நடந்தது. என்னையும் அழைத்தார்கள். பந்தியில் எள்ளே கிடையாது. எள்ளுருண்டை மட்டுமல்ல, முறுக்கில்கூட இல்லை. பந்தி முடியும்வரை என் ரெண்டு பக்கமும் ஆள் உட்கார வைத்திருந்தான் குமரேசன்.

கவிதா இப்போது நாமக்கல்லில்தான் இருக்கிறாள். சனிக்கிழமைச் சாப்பாடு வெளியே போவது நின்று குமரேசன் வீட்டிலேயே நடக்கிறது. என் இலையில் சோறு வைக்கும்போது அவள் அதைக் குவியலாக விடுவதில்லை. கரண்டியின் முதுகால் தட்டித் தட்டித் தோசைபோலப் பரத்திவிடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் தவறாமல் சொல்வாள்:

"கவலைப்படாமச் சாப்பிடுங்க மாமா. எங்க தாத்தா நல்லாத்தான் இருக்கறாரு."

அவர்களுக்கு அது தமாஷ். பெரியவருக்கோ வயது ஏறிக்கொண்டே போகிறது. அவள் அதைச் சொல்கிறவரைக்கும் நான் சோற்றில் கை வைப்பதில்லை.