எழுத்தைக் காட்டியது யார்?

"அப்பா, குடிக்கிறதுக்கு முன்னாடி நல்லாக் குலுக்கணுமாம்."

இருமல் மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தவரின் கை நின்றது, மருந்து நிற்கவில்லை. சட்டை நனைந்தது.

"யாரு சொன்னா?"

"பாட்டில்ல போட்டிருக்கே," என்றாள் சிட்டு. வயது ஆறு.

அவர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். ஆறு மாதத்துக்கு முன் ஒரு தத்துவ ஞானியின் நூல் அவர் மேசைக்கு வந்தது. பிழை திருத்த உட்கார்ந்தவர், ஆளே திருந்திவிட்டார். குழந்தை நல்லதாகத்தான் பிறக்கிறது; பெரியவர்கள்தான் கை வைத்துக் கெடுக்கிறார்கள்; பன்னிரண்டு வயது வரை புத்தகமே வேண்டாம், இயற்கை பார்த்துக்கொள்ளும். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இந்த யோசனையைக் கேட்டு, சிட்டுவைப் பள்ளியில் சேர்க்காமல் நிறுத்தினார். வீட்டுப் புத்தகங்கள் பரண் ஏறின.

இப்போது யாரோ துரோகம் செய்கிறார்கள்.

"நீதானே?" என்றார் மனைவியிடம்.

"ஆபீஸ், அடுப்படி, உங்க ஞானி. மூணையும் கட்டி மேய்க்கவே நேரமில்ல. இதுல பாடம் வேறயா?"

பதில் இவ்வளவு சரளமாக வந்ததே சரியில்லை என்று பட்டது. அன்றே டப்பா, சீசா, டியூப் எல்லாவற்றிலும் லேபிளைச் சுரண்டி எடுத்தார். மறுநாள் காபியில் உப்பு. அதற்கு மறுநாள் மூட்டுவலிக் களிம்பில் பல் துலக்கினார். காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பியதில் கல்யாண நாள் மறந்துபோனது. மனைவி வாயே திறக்கவில்லை.

'பேசாம இருந்தா உள்ளுக்குள்ள ஏதோ ஓடுது' என்று, வேவு பார்க்க மச்சானை வரவழைத்தார். வந்தவன் சோபாவில் நீட்டிப் படுத்துச் செய்தித்தாளை விரித்தான்.

"அத்தான்! இவ என்னைவிட வேகமாப் படிக்கிறா!"

ஓடிவந்து செய்தித்தாளைப் பிடுங்கினார். அப்போதுதான் சிட்டுவின் விரல்களைப் பார்த்தார். நீலச் சுண்ணக்கட்டி. துணியில் அளவு குறிப்பது.

எதிர் வீட்டுத் தையல்காரம்மா!

செருப்பைக்கூடப் போடாமல் போய் நின்றார். மெஷின் மேல் ஒரு அளவு நோட்டு. கோணல் மாணலாகப் பெயர்கள்.

"குழந்தைக்கு எழுத்துச் சொல்லித் தர்றது நீங்கதானே? மறைக்காதீங்க."

"நானா?" அந்தம்மா சிரித்தார். "எனக்கே இப்பத்தான் கை வருது. நேத்துதான் முதல் தடவையா என் பேரை எழுதினேன்."

"கதை விடாதீங்கம்மா. உங்களுக்கு யாரு சொல்லித் தர்றா?"

"உங்க பொண்ணுதான்."

"அப்ப அவளுக்கு? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்!"

தையல்காரம்மா நூலைப் பல்லில் கடித்து அறுத்தார்.

"சாயங்காலமானா அவளை மடியில தூக்கி வெச்சுக்கிட்டு, அச்சகத்துக் காகிதத்தை விரிச்சு, எழுத்தெழுத்தா விரல் வெச்சு உரக்கப் படிக்கிறது யாரு சார்?"