பூங்கா வாசலில் ஒரு விளக்குத் தூண்

நான் வாழ்நாளில் ஒரே ஒரு பூங்காதான் வடிவமைத்திருக்கிறேன். அதற்குள் இன்றும் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு நுழைவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மெட்ராஸில் கட்டடக்கலை படித்துவிட்டு நெல்லைக்குத் திரும்பியிருந்தேன். கங்கைகொண்டான் போகும் வழியில் ஓர் அண்ணாச்சி பொட்டல் காட்டை வாங்கி மனை போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் பெரிய பூங்கா, சுற்றி வீடுகள் என்று பேசிப் பேசியே அவரைச் சம்மதிக்க வைத்தேன். (என் பேச்சு நின்றால் போதும் என்றுதான் சம்மதித்தாராம்.)

எனக்கு அதில் சொந்த அவசரமும் இருந்தது. பெண் பார்த்தாயிற்று. எனக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே. ஆனால் டவுனில் வங்கி அதிகாரியாக இருந்த பெண்ணின் அப்பா, "பையன் என்ன வேல பாக்கான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று நிறுத்தி வைத்திருந்தார். திறப்பு விழாவுக்கு வந்து பூங்காவைப் பார்ப்பதாக ஏற்பாடு.

பூங்கா வாசலுக்கு ஒரு விளக்குத் தூண் வரைந்தேன். அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல். செங்கல் கட்டிச் சுண்ணாம்பு பூசி, இருட்டில் வண்டிகள் மோதிவிடக் கூடாதே என்று காவிப் பட்டையும் அடிக்கச் சொன்னேன். கொத்தனார் மறுநாளிலிருந்து தலைக்குக் குளித்து, கறி மீன் தொடாமல் வேலைக்கு வந்தார். தொழில் பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

விழா அன்று மின் இணைப்பு வரவில்லை. தூண் சும்மா நிற்க வேண்டாமென்று உச்சியில் அகல் விளக்கு ஏற்றினேன். பூக்கடையில் செவ்வரளி மாலைதான் கிடைத்தது; அதையும் போட்டேன். வெள்ளிக்கிழமை வேறு.

நெல்லைச் சீமையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், சிலையில்லாமல் இதே மாதிரிப் பீடமாகவே நிற்கும் காவல் தெய்வம் சுடலைமாடசாமி என்று. எனக்கும் தெரியும்தான். படித்ததில் மறந்திருந்தது.

மனை பார்க்க வேனில் வந்தவர்கள் இறங்கியதும் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் என்னிடம் திருநீறு கேட்டார். பக்கத்து ஊர்ப் பெண்கள் கல் கூட்டிப் பொங்கலே வைத்துவிட்டார்கள். "மாடன் பார்வைக்கு நேர எவம்வே வீடு கட்டுவான்?" என்று கும்பிட்ட கையோடு வந்தவர்களெல்லாம் வேனில் ஏறிவிட்டார்கள்.

"ஏலே, பூங்கா கட்டுதேன்னு சொல்லிக் கோயிலயா கட்டி வச்சிருக்க?" என்றார் அண்ணாச்சி. அவர் பார்த்த பார்வைக்கு மாடனே தேவலை.

அந்த நேரம் பார்த்துத்தான் வருங்கால மாமனார் வந்தார். சைவக் குடும்பம், அவர்கள் வீட்டு வாசற்படியை முட்டை கூடத் தாண்டியதில்லை. தூணடியில் யாரோ நேர்ச்சைக்கு ஒரு சேவலைக் கட்டியிருந்தார்கள். அவர் சேவலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, பூங்கா எங்கன?"

"இதுதான் மாமா."

அவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கல்யாணம் அவ்வளவுதான் என்று சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரமே சம்மதம் வந்தது. வீட்டில் அவர் சொன்னாராம்: "ஊர்ல எத்தனையோ இன்ஜினியரு கட்டுதான். கட்டி முடிச்ச அன்னைக்கே சனம் விழுந்து கும்பிட்டது இவன் கட்டுனதத்தான்."

பின்னாளில் சுற்றுவட்டாரத்து நகர்களில் பூங்காவுக்கு விட்ட இடமெல்லாம் மனையாகி விற்றுப்போயிற்று. எங்கள் பூங்காவில் மட்டும் மண்வெட்டி வைக்க ஆள் கிடைக்கவில்லை. வேம்பும் புங்கையும் அடர்ந்து நிற்கின்றன. சுற்றிலும் வீடுகளும் வந்துவிட்டன, நேர் பார்வைக்குச் சற்று ஒதுங்கி.

இப்போது நான் வீட்டில் ஓர் அலமாரி மாட்டினாலும் என் மனைவி தள்ளி நின்று பார்ப்பாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "அப்பா கட்டி முடிச்சுட்டாங்க, கன்னத்துல போட்டுக்கோ" என்பாள். அவளும் சிரிக்காமல் போட்டுக்கொள்வாள்.